குக்கலை எதிர்த்து நின்ற பேர்ள் கென்ட்ரிக்: வாழ்வும் விட்டுச் சென்ற கடமையும்

பெரியம்மைக்கு ஜென்னர், விசர்நாய்க்கடிக்கு லூயி பாஸ்டர், இளம்பிள்ளை வாதத்துக்கு ஜோனஸ் சால்க் என்று தடுப்பு மருந்துகளின் வரலாற்றை எமது பாடசாலைப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். ஆனால் எமது குழந்தைகளுக்கு இரண்டாம் மாதம் நிறைவடைந்ததும் ஏற்றப்படும் ஊசியில் அடங்கியிருக்கும் குக்கல் தடுப்பு மருந்து யாருடைய உழைப்பால் நம்பகமானதாயிற்று என்று வினவினால், பெற்றோரில் எத்தனை பேர் விடையிறுப்பர்? பொதுச் சுகாதாரத் துறையினர் நன்கறிந்த அப்பெயர் பேர்ள் கென்ட்ரிக் என்பதாகும். 1980ஆம் ஆண்டு தமது தொண்ணூறாவது வயதில் மறைந்த அந்த அமெரிக்கப் பெண் விஞ்ஞானியின் வாழ்வை இங்கு நாம் நினைவுகூர்வது புகழ்பாடுவதற்காக மட்டுமன்று. அவர் பெருமளவு தீர்த்துவைத்த பிரச்சினையில் ஒரு பகுதி இன்றும் தீராமலே எஞ்சியிருக்கின்றது. அப்பகுதியை நிறைவுசெய்யும் பொறுப்பு விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்றி எமக்கும் உரியதாகும்.

கக்குவான் இருமல் என்றும் வழங்கப்படும் குக்கல், சாதாரண தடிமன் போலவே ஆரம்பிக்கும். மூக்கு ஒழுகும், இலேசான இருமல் இருக்கும். ஓரிரு வாரங்களின் பின்னரே அதன் உண்மை உருவம் தெரியவரும். மூச்சு விட இடைவெளியின்றித் தொடர்ச்சியாக இருமல் எழும். அது ஓய்ந்ததும் காற்றை உள்ளிழுக்கும் குழந்தை கூவுவது போன்ற ஓசையை எழுப்பும். பின் வாந்தி எடுக்கும். இந்நிலை பல வாரங்கள் நீடிக்கும். இந்நோயை விளைவிக்கும் பற்றீரியா சுவாசக் குழாயின் உட்புறத்திலுள்ள நுண்மயிர்களில் ஒட்டிக்கொண்டு நச்சுப் பொருளைச் சுரக்கின்றது. பெரியவர்களுக்கு இது நாட்பட்ட இருமலாக மட்டும் வந்து போகலாம். பிறந்து சில வாரங்களேயான சிசுவின் நிலை அவ்வாறானதன்று. அதற்குப் பலமாக இருமவோ கூவும் ஓசையை எழுப்பவோ வலுவில்லை. ஆகையால் நோயின் வழமையான அறிகுறி எதுவுமின்றியே அது மூச்சு விடுவதை நிறுத்திவிடலாம். உதடும் முகமும் நீலம் பாரிக்கலாம். நியூமோனியாவும் வலிப்பும் தொடரலாம். குக்கலால் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவை வாழ்வின் முதல் சில மாதங்களுக்குள்ளேயே நிகழ்வதற்குக் காரணம் இதுவே.

பேர்ள் கென்ட்ரிக் 1890ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள வீட்டன் என்னும் ஊரில் மதபோதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். மூன்று வயதில் அவரையே குக்கல் பீடித்தது. அதிலிருந்து அவர் உயிர் தப்பினார். நியூயோர்க் மாநிலத்தின் சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் 1914இல் பட்டம் பெற்று, சில காலம் ஆசிரியப் பணி புரிந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பற்றீரியாவியல் பயின்ற அவர், 1920இல் மிச்சிகன் மாநில சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். 1926இல் கிராண்ட் ரபிட்ஸ் நகரிலிருந்த கிளை ஆய்வுகூடத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரையும் பாலையும் சோதிப்பது, நோயாளரின் மாதிரிகளைப் பரிசோதிப்பது என்பனவே அங்கு அன்றாடக் கடமைகளாக இருந்தன. பெண்களுக்கு ஆய்வுத்துறையின் கதவுகள் அரிதாகவே திறந்த அக்காலத்தில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1932இல் அவர் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றுக்கொண்டார்.

இதற்கிடையில் 1928ஆம் ஆண்டு கிரேஸ் எல்டரிங் என்ற இளம் பெண் மிச்சிகன் ஆய்வுகூட சேவையில் இணைந்தார். மொன்டானா மாநிலத்திலிருந்து வந்த இவரும் ஐந்து வயதில் குக்கலால் அவதியுற்றவராவார். இருவரும் பின்னர் கிராண்ட் ரபிட்ஸில் ஒன்றுசேர்ந்து ஆற்றிய பணியே மருத்துவ வரலாற்றில் நிலைத்தது.

அக்காலச் சூழ்நிலையை நாம் மனதிற் கொள்ள வேண்டும். பெல்ஜிய விஞ்ஞானிகளான ஜூல்ஸ் போர்டேயும் ஒக்டேவ் ஜெங்குவும் 1906ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்குரிய பற்றீரியாவைப் பிரித்தெடுத்திருந்தனர். அதன் பின்னர் பலரும் தடுப்பு மருந்துகளைத் தயாரித்தனர். நிறுவனங்கள் அவற்றைச் சந்தைப்படுத்தின. ஆயின் அவற்றின் பயன் ஒழுங்காக நிறுவப்படவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தோர்வால்ட் மெட்சன் பாரோ தீவுகளில் 1920களில் மேற்கொண்ட சோதனைகள் மட்டுமே ஓரளவு நம்பிக்கை அளித்தன. மறுபுறத்தில், 1934ஆம் ஆண்டில் மாத்திரம் ஐக்கிய அமெரிக்காவில் 265,269 பேர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாவர்.

1932ஆம் ஆண்டு கிராண்ட் ரபிட்ஸ் நகரில் குக்கல் பரவியபோது கென்ட்ரிக் தமது மேலதிகாரியிடம் இந்நோயை ஆராய அனுமதி கோரினார். அனுமதி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டையே உலுக்கிய காலம் அது. ஆய்வுகூடத்தின் வழமையான பணிகளை முடித்த பின்னர், மாலை வேளைகளில் அவரும் எல்டரிங்கும் நோயாளிக் குழந்தைகளின் இல்லங்களை நாடிச் சென்றனர். தொழிலிழந்த தந்தையர், மண்ணெண்ணெய் விளக்கொளியில் குழந்தையை மடியிலேந்தித் தவித்த தாய்மார், இருமி இருமி வாந்தியெடுத்த பிஞ்சுகள் என அவர்கள் கண்ட காட்சிகள் பல. குழந்தை இருமும்போது அதன் வாய்க்கு முன்னால் ஒரு வளர்ப்புத் தட்டைப் பிடிப்பர். அதில் விழும் துளிகளிலிருந்து வளரும் பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் இனங்காண்பர். இந்த எளிய முறை இரு விதத்தில் பயனளித்தது. ஒன்று, நோயை உறுதியாக அறிய முடிந்தது. மற்றையது, நோயுற்ற பிள்ளை எவ்வளவு காலம் பிறருக்குத் தொற்றை வழங்கக்கூடும் என்பதைக் கணிக்க முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாவது வாரமளவில் தொற்றைப் பரப்பும் தன்மையை இழப்பதை அவர்கள் கண்டறிந்தனர். அவ்வறிவு தனிமைப்படுத்தற் காலத்தை நியாயமான முறையில் நிர்ணயிக்க உதவியது.

1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொல்லப்பட்ட பற்றீரியாக்களைக் கொண்டு அவர்கள் தமது தடுப்பு மருந்தைத் தயாரித்தனர். ஒவ்வொரு தொகுதியையும் தூய்மைக்காகவும் பாதுகாப்புக்காகவும் சோதித்தனர். பிள்ளைகளுக்கு ஏற்றுவதற்கு முன்னர் தமது உடலிலேயே அதை ஏற்றிப் பார்த்தனர்.

மருந்தைத் தயாரிப்பது ஒரு பாதி. அது பயனளிக்கின்றது என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவுவது மறு பாதி. கென்ட்ரிக்கின் பெருமை இரண்டாவது பாதியிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஊசி ஏற்றப்பட்ட பிள்ளைகளை, ஏற்றப்படாத பிள்ளைகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. அநாதை இல்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளை இத்தகைய சோதனைகளுக்குப் பயன்படுத்துவது அன்று வழக்கத்திலிருந்தது. கேட்பதற்கு எவருமற்ற அப்பிள்ளைகளை அவர் நாடவில்லை. பெற்றோர் விரும்பி அழைத்து வந்த பிள்ளைகளுக்கே ஊசி ஏற்றப்பட்டது. அதே நகரில் ஊசி பெறாதிருந்த, ஒத்த வயதுடைய ஏனைய பிள்ளைகள் ஒப்பீட்டுக்காகத் தெரிவுசெய்யப்பட்டனர். இரு சாராரின் வீடுகளுக்கும் தாதியர் ஒழுங்காகச் சென்று விசாரித்தனர். 1934இல் தொடங்கிய முதற்கட்ட ஆய்வில் ஊசி பெற்ற 712 பிள்ளைகளுள் நால்வருக்கு மட்டுமே குக்கல் கண்டது, அதுவும் இலேசாகவே. ஊசி பெறாத 880 பிள்ளைகளுள் 45 பேர் நோயின் முழுத் தாக்கத்துக்கும் ஆளாகினர்.

இவ்வளவு சிறந்த பெறுபேற்றைக் கண்டு மருத்துவ உலகம் வியந்தது, ஐயமும் கொண்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தொற்றுநோயியல் அறிஞரான வேட் ஹம்ப்டன் புரொஸ்ட் நேரில் வந்து ஆய்வைப் பரிசீலித்தார். ஐயத்தை அவமதிப்பாகக் கொள்ளாத கென்ட்ரிக், அவர் சுட்டிக்காட்டிய குறைகளை ஏற்று ஒப்பீட்டு முறையை மேலும் செம்மைப்படுத்தினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உள்ளடக்கிய விரிந்த ஆய்வின் முடிவுகள் 1939இல் வெளியாகின. அவை முதற்கட்ட ஆய்வின் முடிவையே உறுதிசெய்தன. இதற்கிடையில் நிதித் தட்டுப்பாடு நேர்ந்த வேளையில், ஜனாதிபதியின் துணைவியாரான எலனோர் ரூஸ்வெல்ட்டைத் தமது ஆய்வுகூடத்துக்கு அழைத்தார் கென்ட்ரிக். 1936இல் அந்த அம்மையார் வந்து பார்வையிட்ட பின்னர், அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்தினூடாக மேலதிக ஊழியர்கள் கிடைத்தனர்.

1940ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலம் இம்மருந்தை விநியோகிக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை ஏற்றுமாறு பரிந்துரைத்தன. தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஆகியவற்றுக்கான மருந்துகளுடன் இதனை ஒன்றுசேர்க்கும் முயற்சியிலும் கென்ட்ரிக் ஈடுபட்டார். இலங்கையில் முக்கூற்றுத் தடுப்பூசி என்று அறியப்பட்ட கூட்டு மருந்தின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்றாகும். மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் போதிய வலுவுடையதா என்பதை எலிகளைக் கொண்டு அளவிடும் சோதனை முறையையும் அவரது குழுவினர் உருவாக்கினர். அம்முறை பின்னர் உலகளாவிய தரநிர்ணயமாயிற்று.

இப்பணியில் மூன்றாவதாக ஒருவரின் பெயரும் நினைவுகூரத் தக்கது. லோனி கோர்டன் என்ற கறுப்பினப் பெண் உணவியல் கற்றுத் தேர்ந்திருந்தும், அவரது நிறத்தின் காரணமாக அத்துறையில் உரிய வேலையைப் பெற முடியாதிருந்தார். கென்ட்ரிக் அவரை 1940களில் தமது ஆய்வுகூடத்தில் சேர்த்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான வளர்ப்புத் தட்டுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்த கோர்டனின் உழைப்பு, மருந்தை மேலும் வலுவுள்ளதாக்க உதவியது. இனப்பாகுபாடு வேரூன்றியிருந்த ஒரு சமூகத்தில் திறமையை மட்டுமே கண்ட கென்ட்ரிக்கின் நேர்மை, பல்லினங்கள் வாழும் நாட்டவராகிய எமது கவனத்துக்கும் உரியதாகும்.

1951இல் ஆய்வுகூடப் பொறுப்பிலிருந்து விலகிய கென்ட்ரிக், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். உலக சுகாதார ஸ்தாபனம், ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் ஆகியவற்றின் ஆலோசகராகப் பல நாடுகளுக்குச் சென்று தடுப்பு மருந்துத் திட்டங்களுக்கு வழிகாட்டினார். 1934இல் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்க நோயாளர் தொகை 1976இல் 1,010 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்ட பின்னரே 1980 ஒக்டோபரில் அவர் கண்மூடினார். விளம்பரத்தை நாடாத அவரது பெயர் பொதுமக்களிடையே பரவலாகவில்லை. கென்ட்ரிக், எல்டரிங், கோர்டன் ஆகிய மூவருக்கும் கிராண்ட் ரபிட்ஸ் நகரில் சிலை நாட்டப்பட்டது 2019ஆம் ஆண்டிலேயே.

வெற்றியின் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. கென்ட்ரிக்கின் ஆய்வில் சேர்க்கப்பட்டோர் எட்டு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளாவர். இன்று ஊசி இரண்டாம் மாதத்திலேயே, சில நாடுகளில் ஆறாவது வாரத்திலேயே, ஆரம்பிக்கப்படுகின்றது. எனினும் பிறந்த நாளிலிருந்து முதலாவது ஊசி வரையான வாரங்களில் குழந்தைக்குத் தன் சொந்தப் பாதுகாப்பு எதுவுமில்லை. முதலாவது ஊசி தரும் பாதுகாப்பும் முழுமையானதன்று. தொடரும் ஊசிகளாலேயே அது வலுப்பெறும். நோய் மிகக் கொடியதாக இருக்கும் காலமும், குழந்தை மிகவும் பாதுகாப்பற்றிருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 2010ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் குக்கல் பரவியபோது உயிரிழந்த 10 சிசுக்களும் மூன்று மாதம் நிறையாதவர்களே.

இந்த இடைவெளியில் சிசுவைக் காப்பவர் யார்? முதலாவதாக, அதனைச் சூழ வாழும் ஏனையோர். நோயெதிர்ப்பற்ற ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் குக்கல் வந்தால் பத்தில் எட்டுப் பேர் வரை அது தொற்றக்கூடும். சமூகத்திலுள்ள பிள்ளைகள் உரிய காலத்தில் ஊசியைப் பெற்றிருந்தால், நோய் அந்தத் தொட்டிலை வந்தடையும் வழிகள் குறையும். அவ்வேலி தளர்ந்தால் நிகழ்வதை வரலாறு காட்டியுள்ளது. 1970களில் இத்தடுப்பூசி மூளைப் பாதிப்பை ஏற்படுத்துகின்றதென்ற அச்சம் பிரித்தானியாவில் பரவியது. ஊசி பெறும் பிள்ளைகளின் வீதம் 80 சதவீதத்தை அண்மித்த நிலையிலிருந்து 30 சதவீதமளவுக்குச் சரிந்தது. பெரும் தொற்றலைகள் தொடர்ந்தன. ஜப்பானில் ஊசியேற்றல் தளர்ந்ததன் பின்னர், 1979ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 13,000 பேர் நோயுற்று 41 பேர் மாண்டனர். பழைய மருந்து காய்ச்சலையும் ஊசியிட்ட இடத்தில் வீக்கத்தையும் ஏற்படுத்தியது உண்மையே. நிரந்தர மூளைப் பாதிப்புக்கு அது காரணமென்ற குற்றச்சாட்டோ பிற்கால ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்படவில்லை. பக்கவிளைவுகள் குறைந்த புதிய மருந்தை ஜப்பானிய விஞ்ஞானிகளே உருவாக்கி 1981இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். எனினும் அது தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்வடைவதால், வளர்ந்தோர் தம்மையறியாமலே சிசுக்களுக்கு நோயைக் கடத்தும் வாய்ப்பு இன்றும் உண்டு.

இரண்டாவதாக, சிசுவைக் காக்கக் கூடியவர் அதன் தாயே. கர்ப்பிணித் தாய்க்கு ஊசி ஏற்றினால் அவரது உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள் தொப்புள்கொடி வழியே குழந்தையைச் சென்றடையும். 1940களிலேயே அமெரிக்க மருத்துவர் சிலர் இதனைச் சோதித்துப் பார்த்திருந்தனர். ஆனால் அது நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2012இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14 சிசுக்கள் குக்கலால் உயிரிழந்ததை அடுத்து, பிரித்தானியா கர்ப்பிணிகளுக்கு இவ்வூசியை ஏற்றத் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவும் அதே ஆண்டில் ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும், குறிப்பாக 27 முதல் 36 வரையான வாரங்களில், ஊசி பெறுமாறு பரிந்துரைத்தது. பிறந்து முதல் சில மாதங்களில் நோய் வருவதை இம்முறை பத்தில் ஒன்பது பங்களவுக்குத் தடுப்பதாகப் பிரித்தானிய ஆய்வுகள் கண்டன. ஆனால் அங்கும் அலட்சியம் தலைதூக்கியது. ஒரு காலத்தில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்த கர்ப்பிணிகளின் பங்கேற்பு 60 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2024இல் குக்கல் மீண்டும் பரவியபோது இங்கிலாந்தில் 11 சிசுக்கள் உயிரிழந்தன.

எமது நாட்டில் முக்கூற்றுத் தடுப்பூசி 1961இல் அறிமுகமாகியது. 1978இல் விரிவுபடுத்தப்பட்ட நிர்ப்பீடனத் திட்டம் ஆரம்பமாகியது. 2008ஆம் ஆண்டு முதல் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கெதிரான கூட்டுத் தடுப்பூசியிலும், பதினெட்டாம் மாதத்தில் முக்கூற்று ஊசியிலும் குக்கல் மருந்து இடம்பெற்றது. போர்க்காலத்திலும் இடப்பெயர்விலும்கூட எமது மருத்துவ மாதர்கள் குளிர்ப்பெட்டியைச் சுமந்து சென்று இப்பணியைக் கைவிடாது தொடர்ந்தனர் என்பதை நாம் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஊசி கிடைக்கும் ஒரு நாட்டில் அதைப் பிந்திப் பெறுவதே இன்று எம்மிடமுள்ள பெருங்குறையாகும். தடிமன் என்றும், நல்ல நாள் அல்ல என்றும், வேலை நெருக்கடி என்றும் கிளினிக்கைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் எமது பிள்ளையை மட்டுமன்றி, அயல்வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் ஒரு மாதக் குழந்தையையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றது.

எமது வழக்கங்களையும் இவ்வேளையில் சற்றுச் சிந்திக்கலாம். தமிழர் இல்லங்களில் துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாளிலும், முஸ்லிம் இல்லங்களில் ஏழாம் நாள் அகீகாவின்போதும் நாற்பதாம் நாளிலும் உறவினர் திரண்டு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவர். அன்பின் வெளிப்பாடான இவ்வழக்கங்கள் வாழட்டும். ஆனால் இருமலுள்ளவர் அன்றைய தினம் குழந்தையின் அருகே செல்லாதிருப்பதும், அவரை அவ்வாறு கேட்டுக்கொள்ளும் பெற்றோர் மீது எவரும் மனத்தாங்கல் கொள்ளாதிருப்பதும் அவசியமாகும். கர்ப்பகாலத்தில் ஏற்றப்படும் ஏற்புவலி ஊசி குக்கலைத் தடுக்காது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் குக்கலுக்கான பாதுகாப்பைப் பற்றித் தமது வைத்தியரிடம் கேட்டறிவது நன்று. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை மூச்சை நிறுத்தினாலோ, இருமும்போது நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காலந்தாழ்த்தாது உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே வழங்கப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்து நோயின் கடுமையைக் குறைக்கவும், ஏனையோருக்குப் பரவாது தடுக்கவும் உதவும்.

பேர்ள் கென்ட்ரிக் தமது அலுவலக நேரம் முடிந்த பின்னர், எவரும் கட்டளையிடாத நிலையில், அந்நியரின் குழந்தைகளுக்காக வீடு வீடாக நடந்தவர். அவர் உருவாக்கிய பாதுகாப்பு, இன்னும் ஊசி பெற முடியாத குழந்தையை எட்ட வேண்டுமாயின் ஊசி பெறக்கூடிய அனைவரும் தத்தம் முறையை உரிய நாளில் நிறைவேற்ற வேண்டும். அவரைப் போல் இரவில் வீதி வீதியாக நடக்கும்படி எம்மை எவரும் கேட்கவில்லை. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ள திகதியில் கிளினிக் வரை நடந்தாற் போதும்.